டெஸ்ட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மென்பொருள் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) முடிகிற நாள் பின்னேரம் "டெஸ்ட்டையும் எழுதிவிடுங்கள்" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டெஸ்ட் என்பது கோட் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல். கோட் முடிந்தபின் எழுதும் டெஸ்ட், அந்தக் கோட் என்ன செய்கிறதோ அதையே சரியென்று ஒப்புவிக்கும். பிழை இருந்தால் அதையும் சேர்த்துத்தான்.

அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக் விளக்கிய, டெஸ்ட்டை முதலில் எழுதும் முறை (டிடிடி) சிறியது: முதலில் தோற்கும் ஒரு டெஸ்ட், அது தேறுமளவுக்கு மட்டும் கோட், பிறகு ரீஃபாக்டர் (செய்யும் வேலை மாறாமல் கோட்டைச் சீராக்குதல்). டெஸ்ட் தோற்றதைக் காட்டும் சிவப்பைக் கண்ணால் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போகவேண்டும். ஒருமுறையாவது தோற்காத டெஸ்ட் எதையாவது சோதிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்வோம். "ஈரப்பதன் 14 சதவீதத்துக்குக் குறைந்தால் முழு விலை, கூடினால் கிலோவுக்கு 5 ரூபா வெட்டு" என்கிறார் ஆலைக்காரர். கோட்டைத் தொடமுன் 13.9, 14.0, 14.1 என்று மூன்று டெஸ்ட் எழுதுங்கள். நடு டெஸ்ட்டில் கை நின்றுவிடும்: சரியாக 14 வந்தால் வெட்டுவதா, விடுவதா? அப்போதே ஆலைக்காரரைக் கேட்கலாம். கேட்காவிட்டால், நிரலாளர் போட்ட ஒப்பீட்டுக் குறிதான் (< அல்லது <=) விதியாகிவிடும். 1,000 கிலோ கொண்டுவந்த விவசாயிக்கு அது 5,000 ரூபா.

பற்றுச்சீட்டுத் திகதியும் இப்படித்தான். சேர்வர் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் ஐந்தரை மணித்தியாலம் முந்தி. அதிகாலை 2 மணிக்கு வரும் லொறி முதல்நாள் திகதியில் பதிவாகும், இலங்கை நேரத்தில் ஓடும் நிரலாளரின் மடிக்கணினியிலோ எல்லா டெஸ்ட்டும் தேறிப் பச்சை காட்டும். தற்போதைய நேரத்தை ஃபங்ஷனுக்குள் (திகதியைக் கணிக்கும் கோட் பகுதிக்குள்) எடுக்காமல் வெளியிலிருந்து கொடுங்கள்; அப்போது அதிகாலை 2 மணியையும் டெஸ்ட்டில் வைத்துப் பார்க்கலாம். டெஸ்ட்டை முதலில் எழுதினால் இந்த அமைப்பு தானாகவே வந்துசேரும்.

செலவை மறைக்கவேண்டியதில்லை. டெஸ்ட்டை முதலில் எழுதிய மைக்ரோசொஃப்ட்டின் மூன்று குழுக்களையும் ஐபிஎம்மின் ஒன்றையும் வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வில் வெளியீட்டுக்கு முந்திய பிழையடர்த்தி (கோட் அளவுக்கு எத்தனை பிழை) 40 முதல் 90 சதவீதம் குறைந்தது. தொடக்க நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடியதாக முகாமையாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்தக் கூடுதலை மதிப்பீட்டில் சேர்க்காமல் டெஸ்ட் கேட்பது நியாயமில்லை.

"கவரேஜ் (டெஸ்ட்டுகள் ஓட்டிப் பார்க்கும் கோட்டின் பங்கு) 80 சதவீதம்" என்று உத்தரவும் போடாதீர்கள். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காத டெஸ்ட்டுகள்தான் குவியும். எல்லாவற்றையும் மொக் செய்தாலோ (உண்மைப் பகுதிகளுக்குப் பதில் போலிகளை வைத்தாலோ), ரீஃபாக்டர் செய்யும்போதெல்லாம் டெஸ்ட்டுகள் உடையும். பழைய கோட் முழுவதற்கும் உட்கார்ந்து எழுதவேண்டாம். பக் (பிழை) வரும்போது அதை மறுபடி உண்டாக்கும் டெஸ்ட்டை எழுதிவிட்டுத் திருத்துங்கள்.

அடுத்த ஸ்பிரிண்டில் விலைக் கணக்கு ஒன்றை மட்டும் இப்படிச் செய்யுங்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலிருந்தோ பயிற்சிக்கு வந்த மாணவர் தோற்கும் டெஸ்ட்டை எழுதட்டும், பக்கத்தில் இருக்கும் மூத்தவர் அதைத் தேறவைக்கட்டும். அடுத்த டெஸ்ட்டுக்கு இடம் மாறிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கிழக்கின் மென்பொருள் நிரலாளர்கள் சிலர்