ரங்கூனைக் காத்த அந்த ஒரு வாரம்

ரங்கூன்
மே மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். அம்மாவும் தங்கச்சியும் சுகம். கரண்ட் சில மணி நேரம்தான் வருகிறது. போனில் பேசினால் பாதியில் அறுந்து போகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதி, பினாங்குக்கு வரும் நம் தெருக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ ஊரைவிட்டுப் போன காரணத்தை இதில் எழுத மாட்டேன். நீ அங்கே பத்திரமாக இருக்கிறாய், அது போதும்.

உன் அறையில் தங்கியிருக்கும் பையன் "உங்க ரங்கூனை விடுவிச்சது யாரு?" என்று கேட்டதாகச் சொன்னாய். அவன் கொள்ளுப்பாட்டி, ஜப்பானோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையில் இங்கே இருந்தவராம், தோற்றுப்போய் நடந்தே திரும்பினாராம். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபடி பர்மியத் தலைவர் ஆங் சானின் படை 1945 மார்ச் 27 அன்று ஜப்பான்காரனுக்கு எதிராக எழுந்ததைச் சொல்லியிருக்கிறாய். அது உண்மைதான். ஆனால் நம் ஆட்களைப் பற்றி அவனிடம் சொல்ல உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. உன் அப்பத்தா உயிரோடு இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

1942 மார்ச் 8 அன்று ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது. அதற்கு முன்பே வெள்ளைக்காரன் ஊரைக் காலி செய்துவிட்டான். சிறைக்கதவையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கதவையும் திறந்துவிட்டார்கள், கடைகள் சூறை போயின. ஐந்து லட்சம் இந்தியர் அளவுக்கு பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். பெரும்பாலும் கால்நடையாக. மலைக்காட்டில் காலராவும் பசியும் எத்தனை ஆயிரம் பேரைத் தின்றன என்று சரியான கணக்கே கிடையாது. நம் குடும்பத்தில் என் பெரிய தாத்தா அந்த வழியில் போனவர்தான், திரும்பவில்லை. அதைப் பார்த்துப் பயந்துதான் மற்றவர்கள் இங்கே ரங்கூனில் பசுண்டாங் அரிசி ஆலைப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். ஒரு அரசாங்கம் போய் இன்னொன்று வருவதற்குள் ஒரு ஊருக்கு என்ன நடக்கும் என்பதை அப்பத்தா சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார். 1945இல் அவர் மறுபடி பயந்தது குண்டுக்கு அல்ல, அந்த இடைவெளிக்கு.

இப்போது 1945க்கு வருகிறேன். மெய்க்தீலாவை மார்ச் ஆரம்பத்திலும் மாந்தலேயை மார்ச் 20 அன்றும் வெள்ளைக்கார ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காவது படை பிடித்துவிட்டது. அங்கிருந்து ரங்கூன் 500 கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் போச்சு. இங்கே மே மாதக் கடைசியில் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும் என்பது உனக்குத் தெரியும். டாங்கி புதையும், மண் ஓடுதளத்தில் டகோட்டா சரக்கு விமானம் இறங்க முடியாது. சோறும் பெட்ரோலும் பெரும்பாலும் ஆகாய வழியாகவே வந்துகொண்டிருந்த படை அது. அதனால் இரண்டு பாதையில் இறங்கினார்கள். ஒரு பகுதி ஐராவதி ஓரமாக ஏனாங்ஜாவுங், புரோம் வழி. முக்கியமான பகுதி ரயில் பாதை ஓரமாக பியின்மனா, தவுங்கு, பெகு வழி. ஐந்தாவது இந்திய டிவிஷனும் பதினேழாவது இந்திய டிவிஷனும் மாறி மாறி முன்னே போயின. எதிரி விலகாத இடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு ஓடினார்கள். கடைசி நாட்களில் அரைச் சாப்பாட்டில்.

தவுங்குவுக்கு ஷான் மலையிலிருந்து ஒரு ஜப்பான் டிவிஷன் முந்திக்கொண்டு வரப் பார்த்தது. அந்த மலைப்பக்கத்துக் கரேன் இன மக்கள்தான் மௌச்சி ரோட்டில் மறைந்திருந்து அதைத் தாமதப்படுத்தினார்கள். ஏப்ரல் 22 அன்று தவுங்கு விழுந்தது. அங்கே விமானத்தளம் கிடைத்ததால்தான் கடல் வழியாக ரங்கூனுக்கு வரும் கப்பல்களுக்கு மேலே சண்டை விமானம் காவல் பறக்க முடிந்தது. கரேன்காரர்களின் இந்தப் பங்கைப் பள்ளிக்கூடத்தில் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ சொல்லு.

ஸ்லிம்மின் படையில் நம் ஆட்களும் இருந்தார்கள், தம்பி. மதராஸ் சாப்பர் என்ற பிரிவு. உடைத்த பாலத்தை மறுபடி கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, ரோடு போடுவது அவர்கள் வேலை. பியே ரோட்டில் தவுக்சான் கல்லறைக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போனேன். அங்கே நிற்கும் தூண்களில் கல்லறை எங்கே என்றே தெரியாத 27,000 பேர் அளவுக்குப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதில் நம் ஊர்ப் பெயர்களும் உண்டு. ஆனால் அந்தப் பையனுடைய கொள்ளுப்பாட்டியின் பக்கம் நின்று இங்கே செத்தவர்களுக்கு அந்தத் தூணில் இடமில்லை. அவர்கள் எதிர்ப்பக்கம். ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். இதில் ஒரு பக்கத்தைத் துரோகி என்று சொல்ல என் வாய் வராது.

தவுங்கு போனதும் ஜப்பான் தளபதி கிமுரா தன் தலைமையகத்தை மோல்மேனுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரங்கூனில் நின்று சண்டை போடவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் மணிலாவில் ஜப்பான்காரன் நின்று சண்டை போட்டான், பொதுஜனம் மட்டும் ஒரு லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள். நம் ஊருக்கும் அதே கதி வந்திருக்கலாம். ரயில் பாதை ஓரமாக ஸ்லிம்மின் படை அவ்வளவு வேகமாக வந்ததால்தான் கிமுராவுக்கு நின்று யோசிக்க நேரமில்லாமல் போனது. அந்தப் பெருமையை நான் மனசாரக் கொடுக்கிறேன்.

நேதாஜி ஏப்ரல் 24 இரவு கிளம்பினார். ராணிப் படைப் பெண்களை விட்டுவிட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. சித்தாங் ஆற்றுக்கு அப்பால் அவர்களோடு சேர்ந்து நடந்தார், மேலே இங்கிலீஷ் விமானம், கீழே சேறு. உன் நண்பனின் கொள்ளுப்பாட்டி அந்தக் கூட்டத்தில் வந்தவரா, அதற்கு முன்பே அனுப்பப்பட்டவரா என்று கேள். தோற்றுப்போய் வந்தார் என்று அவன் தலையைத் தொங்கப்போட வேண்டாம்.

போகும்போது நேதாஜி ரங்கூனை ஒரு தமிழர் கையில் விட்டுப் போனார். மேஜர் ஜெனரல் லோகநாதன். தொழிலால் டாக்டர். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், பிறகு நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் தலைமை ஆணையராக அந்தமானுக்குப் போனவர். அவரிடம் 5,000 பேருக்கு மேல் படை இருந்தது. சண்டை போடச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் வரும் வரை ஊரையும் இந்திய ஜனங்களையும் காப்பாற்றி, பிறகு சரணடைய வேண்டும். யோசித்துப் பார். சிறைக்குப் போகத்தான் போகிறோம் என்று தெரிந்தே, சிறைக்காரன் வரும்வரை ஊருக்குக் காவல் நிற்கிற வேலை.

அப்பத்தா சொல்வார்: தெருமுனையில் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் தஞ்சாவூர்ப் பேச்சு. "உள்ள போங்கம்மா, நாங்க இருக்கோம்" என்பாராம். சூறை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1942 போல ஊர் எரியவில்லை. பசுண்டாங்கில் நம் வீடு நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மே 1 அன்று ரங்கூன் ஆற்று முகத்துவாரத்தில் கூர்க்கா வீரர்கள் பாரசூட்டில் குதித்தார்கள். ரங்கூன் சிறைக் கூரையில் 'ஜப்பான்காரன் போய்விட்டான்' என்று வெள்ளைக்காரக் கைதிகள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். மறுநாள் ஒரு வெள்ளைக்கார விமானி மிங்கலாடோன் விமானத்தளத்தில் தானே இறங்கி, நடந்தே சிறைக்குப் போய்ப் பார்த்தார். மே 3 அன்று இருபத்தாறாவது இந்திய டிவிஷன் ஆற்று வழியாக வந்து ஊருக்குள் நுழைந்தது. வடக்கிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்த படையோ பெகு ஆற்று வெள்ளத்தில் நின்றுவிட்டது. அந்த வருஷம் மழை இரண்டு வாரம் முந்திக்கொண்டது. மே 6 அன்று ரங்கூனுக்கும் பெகுவுக்கும் நடுவே லேகூவில்தான் இரண்டு படைகளும் கை குலுக்கின. மெய்க்தீலாவிலிருந்து ரங்கூன், ரங்கூன் என்று வந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

லோகநாதனின் ஆட்கள் ஆயுதத்தைக் கொடுத்தார்கள். அடைத்து வைத்தார்கள், பிறகு கப்பலேற்றினார்கள். தெருமுனையில் நின்ற அந்தத் தஞ்சாவூர்க்காரர் என்ன ஆனார் என்று அப்பத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஜப்பான் நோட்டு செல்லாது என்றாகி, நம் தாத்தா மூன்று வருஷம் சேர்த்ததெல்லாம் வெறும் காகிதமானது.

ஆகவே உன் நண்பனிடம் இப்படிச் சொல்லு. ஜப்பானை விரட்டியது வடக்கிலிருந்து வந்த படை, அதில் தமிழனும் உண்டு. உள்ளிருந்து எழுந்தது ஆங் சான் படை, மலையில் தடுத்தது கரேன் மக்கள். ஆனால் எல்லாரும் வந்து சேரும் வரை ஊரைப் பிடித்து வைத்திருந்தது அவன் கொள்ளுப்பாட்டியின் படை. லோகநாதன் பெயரை அவனுக்குச் சொல்லு. நான் நடந்த எந்தத் தெருவிலும் அந்தப் பெயரைப் பார்த்ததில்லை.

அவன் கொள்ளுப்பாட்டியின் பழைய போட்டோ இருந்தால் ஒரு நகல் அனுப்பச் சொல். எந்த முகாமில் இருந்தார் என்றும் கேட்டு எழுது. இந்தக் கடிதத்தோடு அம்மா கருவாடும் லப்பெட்டும் (ஊறவைத்த தேயிலை) கட்டிக் கொடுத்திருக்கிறாள், அவனுக்கும் கொடு.

இப்படிக்கு,
அப்பா