பார்சல் லாக்கரை எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பார்சல் லாக்கர்கள் பெருகினால் நகரத்தில் டெலிவரி வண்டிகளின் புகை குறைந்துவிடும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லாக்கர் என்பது பூட்டிய அறைகள் அடுக்கிய பெட்டி; டெலிவரிக்காரர் பார்சலை அதில் வைத்துவிட்டுப் போனால், வாங்கியவர் தானே வந்து திறந்து எடுத்துக்கொள்வார். பார்சல் நிறுவனம் ஒன்றில் வேன்களுக்கு வழித்தடம் போட்டுக்கொடுப்பது என் வேலை. எனக்கு லாக்கர் என்றால் கொள்ளைப் பிரியம். வீட்டுக்கு வீடு நிற்க வேண்டாம், ஆள் இல்லாத வீட்டுக்கு மறுநாளும் வண்டி அனுப்ப வேண்டாம். ஆனால் கட்டுரை சொன்னது பாதிக் கணக்குதான். உள்ளே வைத்த பார்சலை வாங்கியவர் எப்படி வந்து எடுத்துப்போகிறார் என்பது மீதிப் பாதி.

ஒரு வேன் 80 பார்சலோடு 40 கி.மீ. சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்சல் ஒன்றுக்கு அரை கி.மீ. காரைவிட வேன் இரண்டு மடங்கு எரிபொருள் குடித்தாலும், ஒரு பார்சலின் பங்கு கார் 1 கி.மீ. ஓடுவதற்குச் சமம். மறுநாள் அனுப்பும் வண்டியைச் சேர்க்காவிட்டால், லாக்கரால் மிச்சமாவது அதிகபட்சம் அவ்வளவுதான். அதை எடுப்பதற்கென்றே ஒருவர் போக வர 3 கி.மீ. கார் ஓட்டினால் மிச்சம் போய், கைக்கடனும் சேர்ந்துவிடும். இதில் இன்னொன்று: காரின் நச்சுப் புகையை மட்டுப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இவ்வளவு சின்னப் பயணத்தில் அது சூடேறுவதற்குள் கார் பாதி தூரம் போயிருக்கும்.

லாக்கருக்கு இடம் பார்க்கும்போது எங்களைப் போன்றவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: வாடகை குறைவா, வேன் நிறுத்த வசதி உண்டா? நானும் அதைத்தான் கேட்பேன், என் வேலை அப்படி. அதனால் லாக்கர் போய் நிற்பது பெட்ரோல் பங்க் ஓரத்தில். அங்கே கார் வந்து நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓட்டி வந்தவர் இறங்கி போனைத் தட்டுவார், பெரிய கதவு ஒன்று டக்கென்று திறக்கும், உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பொட்டலம். அதே லாக்கரை ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில் வைத்தால், இறங்கி வருபவர் போகிற போக்கில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்.

இடம் தேர்வதற்குக் கணக்கு இல்லாமல் இல்லை. தொலைபேசி இணைப்பகத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்காக ஹகிமி என்பவர் 1964-இல் ஒரு முறை வகுத்தார். எல்லா இடங்களிலிருந்தும் மையத்துக்கு உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் இடம் எது என்று அது பார்க்கும். லாக்கருக்கு இதை அப்படியே போட்டால், எல்லோரும் வீட்டிலிருந்து கிளம்பி, எடுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்புவதாக ஆகிவிடும். 1990-இல் ஹாட்ஜ்சன் என்ற புவியியலாளர் கேள்வியையே மாற்றினார்: மக்கள் ஏற்கெனவே போய்வரும் பாதைகளில் எங்கே வைத்தால் அதிகம் பேரை வழியிலேயே பிடிக்கலாம்? என்னைக் கேட்டால் லாக்கருக்குப் பொருத்தம் இதுதான். எந்த நிலையத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்பது போக்குவரத்துத் துறையிடம் இருக்கும். பார்சல் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல இடம் கிடைத்தாலும் அறை காலியாக இருக்க வேண்டுமே. பக்கத்து லாக்கர் நிரம்பிவிட்டால் பார்சல் அடுத்த பேட்டைக்குப் போகும், நடந்து வந்திருக்க வேண்டியவர் வண்டியை எடுப்பார். சீப்பு ஒன்றை ஷூ பெட்டி அளவு அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பும் விற்பனையாளர்களும் இதற்குக் காரணம். நாலு நிறுவனம் நாலு லாக்கர் வரிசை வைப்பதைவிட எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வைத்தால் அறைகள் வீணாகாது. அப்புறம், ஜெர்மனியில் 2001-லிருந்தே இந்த லாக்கர்கள் உண்டு. அங்கே பின்னால் வந்த சிலவற்றில் திரையே கிடையாது, போன் செயலி இருந்தால்தான் கதவு திறக்கும். அந்த வகையை இங்கே வாங்குபவர்கள் செயலி பழகாத பெரியவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர் ஒருவரை ஒரு மாலை முழுக்க ஏதாவது ஒரு லாக்கர் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். நடந்து வந்தவர் எத்தனை பேர், அதற்கென்றே கார் எடுத்து வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணி, லாக்கர் இருக்கும் இடத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பார்சல் வழித்தடத் திட்டமிடுபவர் ஒருவர்