நிக்ருமாவின் கட்சி ஒரே நாளில் கலைந்தது ஏன்?

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாய்க்கும் சேய்க்கும் எங்கள் ஆசிகள்.

கானாவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த நிக்ருமாவின் கட்சி, 1966இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எப்படி ஒரே நாளில் காணாமல் போனது என்று கேட்டிருந்தாய். ராணுவத்தை மட்டும் காரணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே கட்சி உள்ளுக்குள் காலியாகிவிட்டது. தொடக்கம் எது என்றால் நான் 1952ஐச் சொல்வேன்.

கானாவுக்கு அப்போது பிரிட்டிஷ்காரர் வைத்திருந்த பெயர் கோல்ட் கோஸ்ட். 1947 ஆகஸ்டில் சால்ட்பாண்டில் தொடங்கிய ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாடு, வக்கீல்களும் வியாபாரிகளும் கூடிய சபை. பொதுச்செயலாளர் வேலைக்குத்தான் லண்டனிலிருந்து நிக்ருமாவை வரவழைத்தார்கள். 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் ஊர்வலம் போன முன்னாள் சிப்பாய்களில் மூவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நகரம் பற்றி எரிந்தது. மாநாட்டின் பெரியவர்கள் ஆணையம், அறிக்கை என்று உட்கார்ந்திருக்க, நிக்ருமா இளைஞர் சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு 1949 ஜூன் 12இல் மாநாட்டு மக்கள் கட்சியைத் தொடங்கினார். நடுத்தரப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன பையன்கள், சந்தையில் கடை போட்ட பெண்கள், இவர்கள்தான் கிளைகளின் உயிர். ஒலிபெருக்கி கட்டிய வேன், சிவப்புச் சேவல் சின்னம், ‘அக்ரா ஈவினிங் நியூஸ்’ பத்திரிகை. 1950 ஜனவரியில் காந்தி வழியில் வேலைநிறுத்தம்; தலைவர் சிறைக்குப் போனார், வெளியே அவருடைய கூட்டாளி குபெடேமா கட்சியை ஓட்டினார். 1951 தேர்தலில் மக்கள் பிரதிநிதிகளுக்கான 38 இடங்களில் 34 கட்சிக்கு. அக்ராவில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780ஐ நிக்ருமா சிறையில் இருந்தபடியே வாங்கினார்.

அடுத்தது கொக்கோ. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. அந்தக் காலத்தில் விவசாயி நேராக உலகச் சந்தைக்கு விற்க முடியாது. கொக்கோ சந்தை வாரியம்தான் மொத்தமாக வாங்கும், விலையையும் முன்கூட்டியே அதுவே வைக்கும். லண்டனில் அதிக விலைக்குப் போனால் மிச்சம் வாரியத்தின் இருப்பு நிதிக்கு. விலை விழும் வருடத்தில் விவசாயிக்குக் கைகொடுக்கவென்று சேர்த்த பணம் அது. ஆட்சிக்கு வந்த கட்சி 1952இல் வாரியத்தின் கீழ் கொக்கோ கொள்முதல் கம்பெனியை அமைத்தது. வட்டிக்காரரிடமிருந்து விவசாயியை மீட்கக் கடன் தருவது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் யாருக்குக் கடன் என்பதில் கட்சிக்காரர் கை ஓங்கியது, கம்பெனி வண்டிகள் தேர்தல் வேலைக்கு ஓடின. 1956இல் ஜிபோவு விசாரணைக் குழு இதையெல்லாம் எழுதியே வைத்தது. இப்படி ஒரு கஜானா கிடைத்தபின் கிளைச் சந்தாவை யார் மதிப்பார்கள்?

1954 ஆகஸ்டில் 60 பவுண்டு எடைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்டார்கள், அதுவும் நான்கு வருடத்துக்கு. டன்னுக்கு சுமார் 134 பவுண்டு ஸ்டெர்லிங் வரும். உலகச் சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போய்க்கொண்டிருந்தது. வளர்ச்சிக்குப் பணம் வேண்டும், விலைவாசி ஏறக் கூடாது என்ற அரசின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் மரத்துப் பணம் தலைநகர் அக்ராவுக்கு எதற்கு என்றார்கள், கொக்கோ விளையும் அசாந்திப் பகுதிக்காரர்கள். அடுத்த மாதமே அவர்கள் ஊரான குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் என்ற எதிர்க்கட்சி பிறந்தது. 1956 தேர்தலில் கட்சி 104இல் 71 பிடித்தும், அசாந்தியின் 21இல் 12 அந்த இயக்கத்துக்குப் போயிற்று.

1957 சுதந்திரம், 1958இல் விசாரணையின்றி அடைக்கும் சட்டம், பழைய மாநாட்டுத் தலைவர் டான்குவா சிறையிலேயே இறந்தது எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. நான் கவனிப்பது வேறு. தொழிற்சங்கமும் விவசாயிகள் கவுன்சிலும் கட்சியின் அங்கங்களாகிவிட்டன. 1950இல் கட்சிக்காக வேலையை நிறுத்திய செகொண்டி-தக்கோராடி ரயில்வே தொழிலாளர்கள் 1961இல் கட்டாயச் சேமிப்பை எதிர்த்து நின்றபோது, அவர்கள் குரலை மேலே கொண்டுபோகக் கட்சியில் ஆள் இல்லை. ஒரே கட்சி ஆட்சிக்காக நடந்த 1964 வாக்கெடுப்பில் அசாந்தியில் ஒரு எதிர் வாக்குகூட விழவில்லை என்று அறிவித்தார்கள். 1956 கணக்கை நினைத்துக்கொள், சிரிப்புத்தான் வரும். 1965இல் நாடாளுமன்றத்துக்கு 198 பேரும் போட்டியின்றித் தேர்வு. வாக்குச்சாவடியே இல்லாத தேர்தலில் கிளைக்கு என்ன வேலை?

1966 பிப்ரவரி 24 அன்று ஹனோய் போகும் வழியில் நிக்ருமா பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்தார். அக்ராவில் அவருடைய காவல் படை சண்டை போட்டது. கட்சி போடவில்லை.

அப்படியானால் நியரேரேயின் கட்சி மட்டும் தான்சானியாவில் எப்படித் தாக்குப்பிடித்தது என்று அடுத்து கேட்பாய். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்