பெட்டிக்குள் வந்த எத்ரோக்

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. படத்தைப் பார்த்து வரவழைத்த குத்துவிளக்கு முழங்கால் உயரம்கூட இல்லை என்று புலம்பியிருந்தாய். சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே இஸ்ரேலில், ரெஹோவோத் நகரில், எதிர்வீட்டு யூதத் தாத்தாவுக்கும் இதே கதைதான்.

சுக்கோத் என்ற யூதப் பண்டிகையில் கையில் எடுத்து வழிபட எத்ரோக் என்றொரு பழம் வேண்டும். நம் நார்த்தங்காய்க்கு உறவுக்காரன். மஞ்சள் நிறம், கரடுமுரடான தோல். சந்தையில் பூதக்கண்ணாடி வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குவார்கள். தாத்தாவுக்கு மூட்டுவலி. போனிலேயே 'உயர்ந்த ரகம்' என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டார். பெட்டியைத் திறந்தால், பழத்தின் அடிப்பக்கம் தேமல் மாதிரி ஒரு தழும்பு, இலை உரசியது. நுனிச் சரிவில் புள்ளி இருந்தால் பழமே சடங்குக்குச் செல்லாமல் போகலாம். இது செல்லும், ஆனால் உயர்ந்த ரகம் இல்லை.

கடைக்காரர் 50 ஷெக்கல் (இந்த ஊர்ப் பணம்) குறைத்துக்கொள்ளலாம் என்றார். தாத்தா சட்டநூல் அலமாரியைத் திறந்துவிட்டார்! நல்ல கோதுமை என்று விற்றது மட்டமாக இருந்தால் வாங்கியவர் விலகலாம் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறதாம். எது குறை என்பதை அந்த ஊர் வழக்கம் தீர்மானிக்கும் என்கிறார் 12-ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். விலையைக் குறைத்து வாயை அடைக்க விற்றவருக்கு உரிமையில்லை; பழத்தை வைத்துக்கொண்டு 'விலையைக் குறை' என்று கேட்க வாங்கியவருக்கும் இல்லை. முழுப் பணம் திரும்ப, அல்லது பேசிய விலைக்கே பழம். திருப்பிக் கொடுக்க நாள் கெடு கிடையாது. ஆனால் குறையைப் பார்த்த பிறகும் பயன்படுத்திவிட்டால் அவ்வளவுதான்.

அங்கேதான் அவருக்குத் தூக்கம் போனது. பண்டிகையின் முதல் நாள் கையில் எடுப்பது சொந்தப் பழமாக இருக்க வேண்டும், இரவல் ஆகாது. விற்பனை தொங்கலில் இருந்தால் அது யார் பழம்?

எனக்குப் பிடித்தது அந்த ஊர் வழக்கம்தான். 'மனசுக்கு ஒட்டவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால் தாத்தாவின் வழக்கு நின்றிருக்காது. உன் விளக்குக்கும் கேட்கிறேன்: கீழே பொடி எழுத்தில் உயரம் போட்டிருந்ததா, இல்லையா? உண்மையைச் சொல்.

சரி, பண்டிகைக்கு முந்தின மாலை வேறு பழம் வந்து சேர்ந்தது. பண்டிகை முடிந்ததும் பாட்டி அதை ஜாம் ஆக்கி எனக்கும் அரை பாட்டில் கொடுத்தார். லேசான கசப்பு. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன், அவர்களிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
ரவி