மாமா, அவர் எனக்கு அங்கிள்

அன்புள்ள மணியம்,

நலந்தானே? பாசிர் கூடாங்கில் வேலை எப்படிப் போகிறது? இங்கே தினம் சாயங்காலம் மழை. ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி 2007-இலேயே பலகை நட்டுவிட்டார்கள், என் வாய்க்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

போன செவ்வாய் ஒட்டுக்கடையில் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு வழக்கம்போலப் பேப்பரைச் சத்தமாக வாசித்தேன். 'கொள்ளை: இந்திய இளைஞர் கைது'. நம் தோட்டத்துத் தண்டல் (கங்காணி) பேரன், செம்பனைக் குலை லோரியில் போகிறானே, அவன் பக்கத்து மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "வயசு எத்தன போட்டிருக்கு மாமா?" என்றான். பார்த்தால் 38. "அவர் எனக்கு அங்கிள் மாமா," என்று சொல்லிவிட்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டான். கடையே சிரித்தது, எனக்குத்தான் வாசிப்பு ஓடவில்லை.

ஏனென்றால் அதே பக்கத்தின் கீழே, தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு பாட்டியைத் தூக்கி வந்த 22 வயதுப் பையனை 'ஆடவர்' என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன் (உன் அண்ணிக்கு அது இன்னொரு கோபம்). பட்டம் வாங்கினால் மாணவர், பந்தில் ஜெயித்தால் விளையாட்டாளர், தப்பு செய்தால் மட்டும் இளைஞர். இத்தனைக்கும் இளைஞர் என்றால் 40 வரை என்றிருந்ததை 30 ஆக்க 2019-இல் மலேசிய நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது, அதே வருடம் ஓட்டுப் போடும் வயதையும் 21-லிருந்து 18-க்கு இறக்கியது. மலாய்ப் பேப்பர் மட்டும் என்ன, ரோட்டில் ரேஸ் விடுகிறவனுக்கு வைத்த 'மாட் ரெம்பிட்' என்ற பெயரை இப்போது மோட்டார் வைத்திருக்கிற எந்தப் பையன் மேலும் ஒட்டிவிடுகிறார்கள்.

2013 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 40,313 பேர், அதில் 28,926 பேர் இந்தியர். பத்தில் ஏழு பேர் நம்மவர் என்ற பேச்சுதான் ஊரெல்லாம் நின்றது. அப்போது நாட்டில் நாம் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர், கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட வராது. அந்தக் கணக்கை யாரும் தலைப்பாகப் போட்டதாக நான் பார்க்கவில்லை. தோட்டத்தை விற்று லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னதால் ஃபிளாட்டில் போய் அடைந்த குடும்பங்களின் கதை அந்தப் பட்டியலில் எந்த வரியில் வரும், சொல்லு.

சரி, பேப்பர்காரனை மட்டும் திட்டி என்ன செய்ய? அந்தத் தண்டல் பேரன் போன வருடம் தோட்டத்துத் திடலில் 8-ஆம் நம்பர் ஜெர்சி போட்டு வந்தபோது, "டேய், 08 கேங்குன்னு நினைச்சிடப் போறாங்க, மறைச்சிடு," என்று சொன்னது நான்தான். மறுபேச்சுப் பேசாமல் கறுப்பு டேப் ஒட்டினான். இன்னும் அப்படியேதான் ஆடுகிறான், மழையில் ஒரு முனை மட்டும் உரிந்து தொங்குகிறது.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? ஞாயிறு என்றால் ஆட்டம் இருக்கும், திடலுக்கே வந்துவிடு.

உன்,
ராஜு