கப்பல் இறக்கும் தண்ணீரும் எங்கள் சிறுகடலும்

கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் துறைமுகம் இல்லை. வாடியும் வள்ளமும் கரைவலையும் நந்திக்கடல் என்ற களப்பும்தான் இருக்கின்றன. துறைமுகம் இல்லாத ஊர்க்காரருக்கு, கப்பல் தன் தாங்கிகளில் ஏற்றி இறக்கும் அடிப்பாரத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம்.

மாரி மழைக்கு வட்டுவாகலில், களப்பையும் கடலையும் சேர்க்கும் தொடுவாய் திறந்ததும் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். அதோடுதான் இறால் குஞ்சுகள் வருகின்றன. கையில் அள்ளிப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். கறுத்த கண் இரண்டு மட்டும் ஊசிமுனை அளவில் அசையும். சில மாதங்களில் அதுதான் வீச்சுவலையில் கொழுத்த இறாலாகத் துள்ளுகிறது. 2009க்குப் பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இறால்தான் அடுப்பு மூட்டியது. இறால் குஞ்சு வரும் அதே வாசலால் வேறு குஞ்சுகளும் வரலாம். என் பயம் அதுதான்.

அந்தக் காலத்துத் தோணிக்காரர் சரக்கில்லாமல் ஓடும்போது தோணி கவிழாமல் இருக்க அடியில் கல்லும் மணலும் போட்டார்கள். இன்றைய கப்பல் அதற்குப் பதிலாகக் கடல் தண்ணீரை ஏற்றுகிறது. சரக்கு இறக்கும் துறைமுகத்தில் தாங்கிகளை நிரப்பும், சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் கொட்டும். சிப்பிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, கொலராக் கிருமிகூட அந்தத் தண்ணீரோடு ஊர் மாறும். 1980களில் அமெரிக்கக் கரையிலிருந்து கருங்கடலுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்த, சொறிமுட்டை போன்ற ஓர் உயிர் நெத்தலியின் இரையையும் முட்டையையும் தின்று பெருகியது. அங்கே நெத்தலித் தொழில் படுத்துவிட்டது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எங்களைப் போலவே இறாலை நம்பி வாழும் மீனவர்கள் ஒரு சிப்பிக்குக் ‘காக்கா ஆழி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய சிப்பி அது. சேற்றின் மேல் பாய் விரித்ததுபோலப் படர்ந்துவிடும். இறால் புதைவதற்கு இடம் கிடைக்காது. கப்பல் தண்ணீரில்தான் வந்தது என்கிறார்கள் அந்த மீனவர்கள். நந்திக்கடலின் அடியும் அதே சேறுதான்.

எங்கள் பக்கத்திலும் கப்பல் இல்லாமல் இல்லை. கொக்கிளாய்க் களப்புக்குச் சற்றுத் தெற்கே புல்மோட்டை. 1990களில் அந்தக் கரைக்கு வெளியே கப்பல்கள் நின்று இல்மனைட் மணல் ஏற்றின. மணல் ஏற்ற வருகிற கப்பல் வெறுங்கப்பலாக வரும், அதாவது தாங்கி நிறையத் தண்ணீரோடு வரும். அதற்கும் தெற்கே திருகோணமலைத் துறைமுகம்.

சரி, சட்டம் இருக்கிறது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2004இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை 2017 செப்டெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கப்பல்கள் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் இறக்க வேண்டும். இதற்குக் கொடுத்த கடைசித் தவணையும் 2024 செப்டெம்பர் 8உடன் முடிந்தது. இறக்கும் தண்ணீரில், ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அளவும் அதற்கு மேலுமுள்ள உயிர்கள் கன மீற்றருக்குப் பத்துக்கும் குறைவாகவே உயிரோடு இருக்கலாம். தண்ணீரை முதலில் வடிகட்டி, பிறகு புற ஊதாக் கதிரால் கொல்லலாம்; அல்லது கடல் உப்பிலிருந்தே மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கிக் கொன்று, கொட்டுவதற்கு முன் அந்தக் குளோரினை முறிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலங்கல் தண்ணீரில் புற ஊதாக் கதிர் உள்ளே போகாது. வடி கிழிந்தாலும் சான்றிதழ் கிழியாமல் அப்படியே இருக்கும். ஆகவே கப்பலின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டுவதோடு நிற்காமல் தாங்கித் தண்ணீரையும் எடுத்துப் பாருங்கள். பார்த்ததைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

வவுனியாப் பக்கத்துத் தோட்டங்களில் பார்த்தீனியத்தைப் பிடுங்கிக் கை அரித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இந்தியப் படையின் ஆடுகளோடு வந்த செடி என்று ஊரில் சொல்வார்கள். வந்த நாளில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தரையிலாவது பிடுங்கலாம், எரிக்கலாம். தண்ணீருக்கு அடியில் ஒட்டிப் படர்ந்த சிப்பியை எதைக் கொண்டு பிடுங்குவது?

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் இன்று என்னென்ன மட்டி, சிப்பி, நண்டு, பாசி இருக்கின்றன என்று இப்போதே எழுதி வையுங்கள். பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால் புதிதாக வந்தது எது என்று நாளைக்கு யாரால் சொல்ல முடியும்? இந்த வேலைக்கு எங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியப்புறம் லைற் வெளிச்சத்தில் வலையை உதறி, இறாலை ஒரு பக்கம், திரளியை ஒரு பக்கம், கழிவை ஒரு பக்கம் ஒதுக்கும் பெண்களுக்கு ஒவ்வொரு ஓடும் தெரியும். தெரியாத ஓடு ஒன்று வந்தால் முதலில் காண்பது அவர்கள்தான். கண்டதைச் சொல்ல இன்று அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்திலும் மாதிரி போட்டு வைக்க மூடியுள்ள போத்தல்களும் ஒரு பதிவுக் கொப்பியும், தமிழில் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கமும் போதும்.

வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் விளக்கெரிக்கச் சிலாவத்தைக் கரையில்தான் கடல் தண்ணீர் அள்ளுகிறோம். அதற்கு முன்னே, இந்த மாரியில் தொடுவாய் திறக்கும்போதே வாருங்கள். வள்ளமும் வலையும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
நந்திக்கடல் கரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி