ரெனின் டியூபை ஐஸில் வைக்காதே

தேனு கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சலித்துக்கொண்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "புள்ள தூங்கட்டும், விடு" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அதனால்தான் இந்த மெயில். நீளமாகத்தான் போகும், பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்.

வாரத்தில் ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், ரேடியாலஜியில் எடுக்கிற ரத்த டியூப்களையும் தியேட்டரில் அறுத்துத் தரும் கட்டித் துண்டுகளையும் வாங்கி வந்து ஃப்ரீசரில் அடுக்குவது வெறும் கூரியர் வேலை, பிஎச்டி முடித்தது அதற்கா என்று கேட்டாய். மற்ற நாளில் செய்கிற செல் கல்ச்சரும் சீக்வென்ஸிங்கும்தான் ஆராய்ச்சியாம். எனக்குச் சுருக்கென்றது. வேலை பார்த்த காலம் முழுக்க அந்த டியூப்களோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன், அது ஒரு பக்கம் இருக்கட்டும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் கட்டியைப் பற்றி வேலை செய்ய, நீ இருக்கும் ஆன் ஆர்பரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அங்கேயே உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறாயே!

உடம்பில் உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அட்ரீனல் அளவுக்கு மீறிச் சுரந்து பிபியை ஏற்றும் நோய், கான் சிண்ட்ரோம் என்று ஒரு வரியில் படித்திருப்பாய். ஜெரோம் கான் உங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்தான். போர்க்காலத்தில், வெயிலும் புழுக்கமும் உள்ள இடங்களுக்கு அனுப்பப்படும் சிப்பாய்களின் உடம்பு அதற்கு எப்படிப் பழகுகிறது என்று பார்த்தவர். பழகப் பழக வியர்வையில் உப்பு குறைந்துகொண்டே வருகிறது, அதற்கு அட்ரீனலில் சுரக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அப்போதே மனதில் போட்டு வைத்திருந்தார். 1954இல் 34 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். ஏழு வருஷமாகத் தசை இழுப்பு, சில நேரம் அசையவே முடியாத பலவீனம், கூடவே பிபி. பொட்டாசியம் அதலபாதாளத்தில் கிடந்தது. கான் அவள் வியர்வையையும் எச்சிலையும் சோதித்தார். இரண்டிலும் உப்பு சொற்பம், போர்க்காலத்தில் பார்த்த அதே சங்கதி. ஆனால் இவள் எந்தப் புழுக்கத்திலும் வேலை செய்யவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஏழு மாதத்துக்கும் மேல் அந்தப் பெண்ணை வார்டில் வைத்து, உள்ளே போகிற உப்பு எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தார்கள். ஆல்டோஸ்டிரோனே அப்போது புதுசு. லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் அதன் தடத்தைப் பிடித்து, சுவிஸ்காரர்களோடு சேர்ந்து 1953இல்தான் பிரித்தெடுத்திருந்தார்கள். ரத்தத்தில் அளக்க வழியே கிடையாது. அவள் சிறுநீரிலிருந்து எடுத்த சாரத்தை, அட்ரீனல் நீக்கிய எலிகளுக்குக் கொடுத்து, எலி எவ்வளவு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். கட்டியைக் கண்ணால் பார்க்கும் முன்னமே, இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று அக்டோபரில் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார் கான். டிசம்பரில் ஆபரேஷன். ரெண்டு அட்ரீனலையும் எடுத்துவிடுவதாகத்தான் திட்டம், திறந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் கட்டி இருந்தது. அதை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அத்தனை மாதமும் சிறுநீர்க் குடுவைக்கு லேபிள் ஒட்டியவர்களை நீ என்ன சொல்வாய், கூரியர் என்றா?

என் தலைமுறைக்குச் சோறு போட்டது ரேடியோ இம்யூனோ அஸே, கதிரியக்கத்தையும் ஆன்டிபாடியையும் வைத்து ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் முறை. அதுவும் லேப் பெஞ்சில் பிறக்கவில்லை. நியூயார்க்கில், பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில், ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினை மனிதர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டு வந்தவர்களின் ரத்தத்தில் அது சீக்கிரம் குறையவில்லை. ஏன்? உடம்பு அதற்கு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கிறது. இன்சுலின் போன்ற சின்ன மூலக்கூறுக்கு ஆன்டிபாடியாவது என்று 1955இல் பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து நோபல் உரையில் எடுத்துக் காட்டினார், அம்மாடி என்ன வைராக்கியம்! அந்த ஆன்டிபாடியை வைத்தே ரத்தத்தில் உள்ள துளியூண்டு ஹார்மோனை அளக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். பேட்டன்ட் வாங்கவில்லை. 1977இல் நோபல் வந்தபோது பெர்சன் இல்லை, 1972லேயே போய்விட்டார். நான் கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று காட்டும் டிஎல்டி பேட்ஜைக் குத்திக்கொண்டு, அயோடின் 125 கிட்டைப் பிரித்து, காமா கவுன்ட்டர் ஒவ்வொரு டியூபாக எண்ணுகிறதைக் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்த ராத்திரிகள் எல்லாம் அந்த வார்டிலிருந்து வந்தவைதான்.

சரி, நீ வாங்கி வருகிற டியூப்களுக்கு வருகிறேன். இடுப்புக்குக் கீழே தொடைச் சிரை வழியாகக் குழாய் விட்டு, ரெண்டு அட்ரீனல் சிரைகளிலும் தனித்தனியாக எடுத்த ரத்தம் அது. இடது பக்கச் சிரை சிறுநீரகச் சிரையில் போய்ச் சேருவதால் குழாய்க்கு வழி எளிது. வலது பக்கம் குட்டையாக இருக்கும், பெரிய சிரையில் நேராகத் திறக்கும், கைதேர்ந்தவர்களுக்கே தண்ணி காட்டும். உண்மையிலேயே அட்ரீனலில் இருந்துதான் எடுத்தோமா என்று, அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆல்டோஸ்டிரோனை அந்தக் கார்டிசாலால் வகுத்து, இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆபரேஷன், ரெண்டு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை. சில நேரம் ஸ்கேனில் வலது பக்கம் கட்டி தெரியும், ஆனால் அது ஒன்றும் சுரக்காத சோம்பேறிக் கட்டியாக இருக்கும், குற்றவாளி இடது பக்கம் ஒளிந்திருப்பான். இப்போது சொல், இடது வலது லேபிள் மாறினால் என்ன ஆகும்? நல்ல அட்ரீனலை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

நீ ஆசையாகச் செய்கிற ஜீன் வேலையும் இப்படித்தான் ஆரம்பித்தது. 2011இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லிஃப்டன் குழு 22 கட்டிகளைப் பார்த்து அதில் 8இல் கேசிஎன்ஜே5 ஜீன் மாறியிருக்கிறது என்று காட்டியது. நான் புரிந்துகொண்டது சரியா என்று நீயே சொல்லு: பொட்டாசியத்தை மட்டும் விட வேண்டிய வழியில் சோடியமும் நுழைகிறது, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆள் அடையாளம் மறந்துபோன மாதிரி. உடனே செல்லுக்குள் கால்சியம் ஏறி, ஆல்டோஸ்டிரோன் நிற்காமல் சுரக்கிறது. அந்த 22 கட்டிகளும் ஏதோ ஒரு தியேட்டரில் யாரோ பொறுமையாக வாங்கி, சூடு ஏறாமல் உறைய வைத்தவை. அதே கட்டுரையில் இன்னொன்று வரும், அதுதான் எனக்கு மனதில் நிற்கிறது. ஒரு அப்பாவுக்கும் அவருடைய ரெண்டு பெண்களுக்கும் சின்ன வயதிலேயே அடங்காத பிபி, மூன்று பேருக்கும் அட்ரீனல் இரண்டையும் எடுக்க வேண்டி வந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பிறவியிலேயே அதே ஜீனில் மாற்றம். நீ ஃப்ரீசரில் பார்க்கிறது வெறும் நம்பர். வார்டில் போய் நின்றால்தான் அப்பாவும் ரெண்டு பெண்களும் தெரிவார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு சூடாக எழுத இன்னொரு காரணம் உன் பெரிய மாமா. டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் என்று மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. பொட்டாசியம் 3.1. பல வருஷமாக எல்லோரும் "நீர் மாத்திரையால் அப்படித்தான் ஆகும், வாழைப்பழம் சாப்பிடுங்கள், இளநீர் குடியுங்கள்" என்றே அனுப்பி வைத்தார்கள். பிபி உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று சொல்கிறார்கள், அதில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறார்கள், நம் வீட்டிலேயே ஒருத்தர். நான்தான் டாக்டரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்து, ஆல்டோஸ்டிரோனும் ரெனினும் எழுத வைத்தேன். ரெனின் சிறுநீரகம் சுரப்பது, ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கத் தூண்டுவது; இந்த நோயில் ஆல்டோஸ்டிரோன் தானாகவே ஏறி, ரெனின் அமுங்கிவிடும். முதலில் பொட்டாசியத்தை ஏற்றினோம். அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்து ரெண்டு மணி நேரம் நடமாடச் சொல்லி, லேபில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுக்கச் சொன்னேன். அந்தப் பையன் இறுக்கிக் கட்டி, "கையை மூடித் திறங்க அங்கிள்" என்கிறான். அப்படிச் செய்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறுமே, வேண்டாம் தம்பி என்றேன். எடுத்து முடித்ததும் டியூபை நேராக ஐஸ் பெட்டிக்குள் போட்டான். பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஹெச்சுக்கு ஐஸ் வேண்டும், யார் இல்லை என்றார்கள்? ரெனினைக் குளிரில் வைத்தால் அதன் மூலப்பொருளான புரோரெனின் விழித்துக்கொண்டு, இல்லாத ரெனினை இருக்கிறதாகக் காட்டிவிடும். அப்புறம் ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்து வரும் ரேஷியோ குறையும், மாமாவுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதித் தருவார்கள், ஆயுசுக்கும் வாழைப்பழம்தான். நானே டியூபை வெளியே எடுத்து, பெஞ்சிலேயே இருக்கட்டும், சீக்கிரம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரி என்றேன். முறைத்தான், ஆனால் செய்தான்.

ரிசல்ட் நேற்று வந்தது. ஆல்டோஸ்டிரோன் எகிறிக் கிடக்கிறது, ரெனின் கண்ணுக்கே தெரியாத அளவு. டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் ரெனினை ஏற்றிவிடும் சாமான்கள், அதையும் மீறி அது இப்படி அமுங்கிக் கிடக்கிறது என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து, உப்புநீரான சலைனை ஏற்றி ஆல்டோஸ்டிரோன் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர், ரெண்டு லிட்டர், நாலு மணி நேரம். இங்கே படுக்க வைத்துத்தான் செய்வார்களாம். உட்கார வைத்துச் செய்தால் தப்பவிடாமல் பிடிக்கும் என்று நான் படித்திருக்கிறேன். உங்கள் கிளினிக்கில் அந்த டெஸ்ட்டைச் செய்கிற நர்ஸ் யாராவது இருப்பார்கள், ஆராய்ச்சிக் கட்டுரையைப் பார்த்துச் சொல்லாதே, அவர்களிடமே கேள். உட்கார வைக்கிறார்களா, பிபி எந்த அளவுக்கு மேல் இருந்தால் ஆரம்பிக்கவே மாட்டார்கள், நடுவில் பிபி ஏறினால் நிறுத்துகிறார்களா, பொட்டாசியத்தை மறுபடியும் எப்போது பார்க்கிறார்கள், எல்லாம் விவரமாக எழுது. மாமாவுக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் வேண்டும்.

அம்மா